உக்கிராணத்தின் கதவு

வீட்டுக் கதவுகளைப் பற்றி நம்மிடையே எழுத்துக்குக் குறைவில்லை. தலைவாசல் நிலையில் செதுக்கிய கஜலட்சுமி, தேக்குப் பலகையின் கனம், பித்தளைக் குமிழ்கள் ஆகியவற்றைப் பற்றிப் படப்புத்தகங்களே வந்திருக்கின்றன. பூஜையறைக் கதவுக்கு வரிசையாக மணிகள் உண்டு. சமையலறைக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில், அரிசியும் பருப்பும் புளியும் எண்ணெயும் இருந்த அறையின் கதவைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதியதில்லை. அது அழகான கதவும் அன்று. ஆனால் ஒரு வீட்டுக்குள் யார் யாரை எவ்வளவு நம்பினார்கள் என்று அறிய விரும்புகிறவர் தலைவாசலைப் பார்த்துப் பயனில்லை. தலைவாசல் ஊரைப் பார்த்து நிற்பது. உக்கிராணக் கதவு வீட்டு மனிதர்களைப் பார்த்து நிற்பது.

இன்று வீடு கட்டுகிற எவரும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது சந்தித்தே ஆகவேண்டும். சமையலறையை ஒட்டிய அந்தச் சிறு அறைக்கு எந்தக் கதவு? ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா, பக்கவாட்டில் நகர்வதா, மடங்குவதா, கண்ணாடியா, காற்றுப் போகச் சாய்வுப் பட்டைகள் வைத்ததா? தச்சர் இதை இடவசதி பற்றிய கேள்வியாகக் கேட்கிறார். நாமும் அப்படியே பதில் சொல்லிவிடுகிறோம். உணவைச் சேமிக்கிறவனுக்கு எப்போதும் இரண்டு அச்சங்கள் இருந்திருக்கின்றன. உணவு கெட்டுப்போய்விடும் என்பது ஒன்று. யாரேனும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மற்றொன்று. முதல் அச்சம் கதவில் துளை கேட்கிறது, இரண்டாவது பூட்டு கேட்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் வெவ்வேறு காலத்து மனிதர்கள் எங்கே சமரசம் செய்துகொண்டார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

பூட்டு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ரோமிலிருந்து ஒரு செய்தி உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி, இயற்கை வரலாறு பற்றிய தம் பெருநூலில் திராட்சை மதுவைக் குறித்துப் பேசும்போது, தமக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட ஃபேபியஸ் பிக்டரின் வரலாற்றிலிருந்து இதை எடுத்துச் சொல்கிறார். ஒரு குடும்பத்துப் பெண் மதுவறையின் சாவிகள் இருந்த பையைத் திறந்துவிட்டாள். அவள் குடும்பத்தாரே அவளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். பிளினி இதைக் கண்டிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை. பெண்கள் மது அருந்தாதிருந்த பழைய நல்ல காலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாக வைத்துவிட்டுக் கடந்துபோகிறார். அவள் மதுவைக் குடித்தாளா என்பதுகூட அந்த வாக்கியத்தில் இல்லை. பையைத் திறந்தாள் என்பது மட்டுமே இருக்கிறது.

அதே ரோமில் மனைவியை விலக்குவதற்கான பழைய முறைகளில் ஒன்று, அவளிடமிருந்து வீட்டுச் சாவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வது. சிசரோ தம் எதிரியான ஆண்டனியைக் கேலி செய்யும் உரையொன்றில் இவ்வழக்கத்தைப் பன்னிரண்டு பலகைச் சட்டத்தோடு தொடர்புபடுத்திப் பேசுகிறார். சாவி இடுப்பில் இருக்கும்வரை இல்லத்தரசி; இல்லையென்றால் தெருவில் நிற்பவள்.

சாவி என்ற சொல்லே நமக்கு அந்தத் திசையிலிருந்துதான் வந்தது. நம்மிடம் திறவுகோல் இருந்தது. போர்ச்சுகீசியர் ‘சாவே’ என்றார்கள். அதன் மூலம் லத்தீனத்துக் ‘கிளாவிஸ்’. அலமாரியும் அப்படியே. ‘அர்மாரியு’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லின் வேர், கருவிகளை வைக்கும் இடத்தைக் குறித்த லத்தீனச் சொல். ஜன்னலும் மேசையும் அவர்கள் கொடுத்தவை. நாம் அதற்கு ஈடாகக் கொடுத்ததும் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் கிழக்கு நாடுகளெங்கும் ‘கோடவுன்’ என்று வழங்கிய சொல் மலாய் வழியாகச் சென்றது என்றும், அதன் மூலம் தெலுங்கின் ‘கிடங்கி’, தமிழின் ‘கிடங்கு’ என்றும் 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கருதுகிறது. கொடுத்த கிடங்கைக் குடோனாகத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

ஆங்கிலத்தில் உக்கிராண அறைக்குப் ‘பான்ட்ரி’ என்று பெயர். ரொட்டியைக் குறிக்கும் ‘பானிஸ்’ என்ற லத்தீனச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. யாழ்ப்பாணத்தார் காலையில் வாங்கும் பாண் அதே வேரின் போர்ச்சுகீசியக் கிளை. ஆக, பான்ட்ரி என்பது பாண் வைக்கும் அறை. இதைவிடச் சுவையானது ‘லார்ட்’ என்ற சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் அது ரொட்டியைக் காப்பவன் என்று பொருள்படும் கூட்டுச்சொல். ‘லேடி’ என்பவள் ரொட்டிக்கு மாவு பிசைபவள். வேலைக்காரனுக்கு இருந்த பெயர் ரொட்டியைத் தின்பவன். பிரபு என்றால் போர்வீரன் என்றோ நிலக்கிழான் என்றோ நாம் எண்ணிக்கொள்கிறோம். மொழியின் அடியில் கிடப்பவனோ ஓர் உக்கிராணக்காரன். கடவுளையே படியளப்பவன் என்று சொல்லும் மொழிக்காரர்களுக்கு இது புரியாத செய்தி அன்று. அரசு ஊழியரின் பயணப்படியிலும் அகவிலைப்படியிலும் இன்றும் எஞ்சி நிற்கும் ‘படி’, உணவுக்காக அளந்து கொடுத்ததன் நினைவுதான்.

*

இடைக்கால ஆங்கிலப் பெருவீடுகளில் இந்த அறைக்கு ஒரு நிலையான இடம் இருந்தது. கென்ட் பகுதியிலுள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையின் பெருங்கூடம் 1341இல் கட்டப்பட்டது. அவ்வகைக் கூடங்களில் ஒரு கோடியில் பிரபுவின் மேடை, மறுகோடியில் மரத்தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ஒரு நடை. அந்த நடையின் சுவரில் அடுத்தடுத்து மூன்று வாயில்கள். ஒன்று ரொட்டி இருக்கும் பான்ட்ரிக்கு. ஒன்று பீப்பாய்கள் இருக்கும் ‘பட்டரி’க்கு, அதற்கும் வெண்ணெய்க்கும் தொடர்பில்லை, பீப்பாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மூன்றாவது, தீவிபத்துக்கு அஞ்சித் தள்ளிக் கட்டப்பட்ட சமையல்கட்டுக்குச் செல்லும் வழி. ரொட்டியறைக்கு ஓர் அதிகாரி, பீப்பாயறைக்கு ஓர் அதிகாரி. பின்னவர்தான் பட்லர்.

இவ்வறைகளுக்கு அவர்கள் தேர்ந்த கதவு கவனிக்கத்தக்கது. இடுப்புயரத்தில் இரண்டாக அறுக்கப்பட்ட கதவு அது. மேல்பாதி திறந்திருக்கும், கீழ்பாதி மூடியிருக்கும், கீழ்பாதியின் தலையில் ஒரு பலகை. அதன்மேல் வைத்து ரொட்டியும் பானமும் கொடுக்கப்படும். வாங்குகிறவர் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், மணம் பிடிக்கலாம், கால் வைக்க முடியாது. நம் ரேஷன் கடையின் பலகையின் முன் நின்றவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான பேர் உண்ணும் ஒரு வீட்டில், முழுதாக மூடினால் வேலை நடக்காது, முழுதாகத் திறந்தால் பண்டம் தங்காது. இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடிக்கப்பட்ட வடிவங்களிலேயே சிறந்தது இதுதான் என்பது என் எண்ணம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் பட்டரி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

கூடத்தில் உண்ணாமல் தம் அறைகளில் இரவுக்கு உணவு வைத்துக்கொண்டவர்களுக்கு வேறு கதவு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘ஆர்தர் இளவரசரின் அலமாரி’ என்றழைக்கப்படும் ஓக் மரப் பெட்டி ஒன்று இருக்கிறது. காலம் ஏறத்தாழ 1500. அதன் முகப்புப் பலகைகளில் இறகு வடிவத் துளைகள். பார்ப்பவர் அலங்காரம் என்று நினைப்பார். காற்றுக்காக இட்ட துளைகளைத் தச்சன் இறகாக வெட்டியிருக்கிறான், அவ்வளவே. இத்தகைய அலமாரிகளின் துளைகளுக்குப் பின்னால் ஈ நுழையாதிருக்கத் துணி அடிப்பதும் உண்டு. தெற்குப் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் இது இன்னும் நயமானது. கடைசல் குச்சிகளை வரிசையாக நிறுத்தி, நடுவில் சிறு கதவும் பூட்டும் வைத்த ரொட்டிப் பெட்டியை அவர்கள் சுவரின் உயரத்தில் மாட்டினார்கள். எலிக்கு உயரம், மனிதருக்குப் பூட்டு, ரொட்டிக்குக் காற்று. நம் உறியும் உயரத்தையே கதவாக வைத்துக்கொண்ட அமைப்புதான். ஆனால் உறிக்குப் பூட்டில்லை. அந்தக் குறையிலிருந்து ஒரு கடவுளின் பிள்ளைப்பருவம் முழுவதையும் நாம் உருவாக்கிக்கொண்டோம்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூட்டு வென்றது. 1864இல் ராபர்ட் கெர் என்ற கட்டடக் கலைஞர் கனவான்களின் வீட்டைப் பற்றி எழுதிய நூலைப் புரட்டினால், உணவுக்கென்று ஓர் அறை போதாமல், பச்சை இறைச்சிக்கு ஒன்று, சமைத்ததற்கு ஒன்று, வேட்டைப் பறவைகளுக்கு ஒன்று, உலர்சரக்குக்கு ஒன்று, ஊறுகாய்ப் பாகுகளுக்கு ஒன்று என்று பெருகியிருப்பதைக் காணலாம். இறைச்சி அறைகளுக்கு வடக்கு நோக்கிய சாளரமும் கம்பி வலையும் வேண்டும் என்பது அக்காலத்துப் பொது அறிவு. பெயர்களும் இடம் மாறிவிட்டன. பட்லரின் பான்ட்ரியில் ரொட்டி இல்லை. வெள்ளிப் பாத்திரம் இருந்தது. அதையடுத்து இரும்புக் கதவிட்ட காப்பறை. பட்லரோ அவர் கீழுள்ள ஒருவரோ அருகிலேயே படுத்துறங்க வேண்டும். ரொட்டிக்காகத் தோன்றிய அறை ரொட்டியைத் துறந்து, கதவை மட்டும் கனப்படுத்திக்கொண்டது.

உலர்சரக்கு அறையின் சாவி வீட்டு நிர்வாகியான பெண்ணின் இடுப்பில் இருந்தது. தேயிலையும் சர்க்கரையும் விலை மிகுந்த பண்டங்கள். அவற்றை அளந்தே கொடுப்பார்கள். இசபெல்லா பீட்டன் 1861இல் நூலாக வெளியிட்ட குடும்ப நிர்வாகக் களஞ்சியம் இப்பெண்ணுக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. (திருமதி பீட்டன் என்றதும் நரைத்த மூதாட்டி ஒருவர் நம் மனத்தில் தோன்றுகிறார். அவர் இறந்தபோது வயது 28.)

இந்த ஒழுங்கு அப்படியே கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து இந்தியாவில் வாழும் ஆங்கிலேயப் பெண்களுக்காக 1888இல் எழுதிய கையேடு, எசமானி தினந்தோறும் உக்கிராணத்துக்குச் சென்று அன்றைக்கு வேண்டியதைத் தன் கண்முன் அளந்து கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. சமையற்காரன் திருடுவான் என்பது ஐயத்துக்கிடமில்லாத முடிவாகவே அதில் நிற்கிறது. வெப்ப நாட்டில் மூடிய அறைக்குள் உணவு மறுநாளைக்குத் தாங்காது என்பதால், சமைத்தது மட்டும் கம்பி வலைக் கதவிட்ட மர அலமாரிக்குள் போனது. அதன் நான்கு கால்களும் எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. பிற்காலத்தில் நம் நடுத்தர வீடுகளுக்கும் வந்து பாலையும் தயிரையும் காத்து, குளிர்பதனப் பெட்டி வந்ததும் பழைய செய்தித்தாள் அடுக்கும் இடமாகிப்போன அலமாரி அதுவே.

*

கதவை எந்தப் பக்கம் திறக்கும்படி வைப்பது என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பாட்னாவுக்குப் போனவர்கள் கோல்கர் என்ற அரைமுட்டை வடிவக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். 1770ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டபின், இனி ஒரு பஞ்சம் வரக்கூடாது என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் திட்டமிடப்பட்டு, காப்டன் ஜான் கார்ஸ்டின் என்ற பொறியாளரால் 1786இல் கட்டி முடிக்கப்பட்ட தானியக் களஞ்சியம் அது. உயரம் 29 மீட்டர். வெளிப்புறமாகச் சுற்றியேறும் படிகள் வழியே உச்சிக்குத் தானியத்தைச் சுமந்து சென்று, மேலே உள்ள துளைவழியாகக் கொட்ட வேண்டும். அடியில் உள்ள கதவுகள் வழியாக எடுக்க வேண்டும். அந்தக் கதவுகள் உட்புறமாகத் திறக்கும்படி வைக்கப்பட்டுவிட்டன என்றும், களஞ்சியம் நிரம்பினால் தானியத்தின் பளுவே கதவைத் திறக்க விடாது என்றும் ஊரார் சொல்வார்கள். பயணக் கையேடுகளிலும் இக்கதை இடம்பெறுகிறது. கதை எவ்வளவு உண்மையோ, கோல்கர் ஒருமுறைகூட முழுதாக நிரப்பப்பட்டதில்லை என்பது எல்லோரும் ஒப்புவது. இதுபோல் பல கட்டுவதாக இருந்த திட்டமும் அந்த ஒன்றோடு நின்றது.

நம் கிராமத்துத் தச்சர்கள் இந்தச் சிக்கலை என்றோ தீர்த்திருந்தார்கள். பத்தாயத்துக்கும், நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் மரத்தால் அமைத்த நெல்லறைகளுக்கும் கீல் வைத்த கதவு கிடையாது. நிலையின் இரு பக்கமும் காடி வெட்டி, பலகைகளைக் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக மேலிருந்து இறக்குவார்கள். நெல் ஏற ஏறப் பலகை ஏறும். நெல் இறங்க இறங்கப் பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். உள்ளேயும் திறப்பதில்லை, வெளியேயும் திறப்பதில்லை. தானியத்தின் அளவே கதவின் உயரம். வீட்டில் எவ்வளவு நெல் மீந்திருக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆனிமாதக் கடைசியில் இரண்டு பலகை மட்டும் நிற்பதைப் பார்க்கும் குடும்பத் தலைவிக்கு அது ஒரு காலண்டர். கார்ஸ்டின் பாட்னாவைச் சுற்றியிருந்த ஒரு விவசாயி வீட்டையாவது எட்டிப் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

குதிரின் ஏற்பாடு இன்னும் எளியது. மண்ணால் வனைந்த உறைகளை அடுக்கி, மேல்வாயை மூடிச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார்கள். எடுப்பதற்கு அடியில் ஒரு துளை. துளைக்கு ஒரு துணிப்பந்து. எலி நுழைய வழியில்லை. கை நுழைய வழியுண்டு. ஆனால் எடுத்தது தெரிந்துவிடும். அப்பனைத் தேடி வந்த கடன்காரனிடம் அவர் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன பழமொழியை நாம் சிரிப்புக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குதிர் காலியாக இருந்தது என்பதும், கடன் வாங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பதும் அந்தப் பழமொழிக்குள் இருக்கின்றன.

*

வசதியான தமிழ் வீடுகளில் உக்கிராணம் தனி அறையாக இருந்தது. உக்கிராணம் என்ற சொல் கன்னடத்திலும் தெலுங்கிலும் சிறு மாற்றங்களோடு வழங்குவது. கோயில்களிலும் அதே பெயர்தான். தென்மாவட்டங்களில் அரங்குவீடு என்பார்கள். சாளரம் இல்லாத உள்ளறை அது. நிலை குள்ளமாக இருக்கும், படி உயரமாக இருக்கும். தலையைக் குனிந்து காலைத் தூக்கியே நுழைய முடியும். கீல் வருவதற்கு முந்தைய கதவுகள் மேலும் கீழும் குடுமி வைத்துக் கல்குழியில் சுழன்றவை, திறக்கும்போது முனகும். அந்த முனகலுக்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நள்ளிரவில் பசித்த மருமகள் அந்தக் கதவைத் திறந்தால் வீடு முழுவதும் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அரிசிக்கு வெளித்திருடர் வருவது அபூர்வம். வீட்டுக்குள் அத்தனை பேர் இருக்க, பின்கட்டின் ஆழத்திலுள்ள ஓர் அறைக்குக் கனத்த கதவும் திண்டுக்கல் பூட்டும் எதற்கு? அந்தப் பூட்டு வீட்டுப் பெண்களை நோக்கியது. காலையில் மாமியார் கதவைத் திறந்து, அன்றைக்கு வேண்டிய அரிசியைப் படியால் அளந்து, புளியை உருட்டி, எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அளந்தது எல்லோருக்கும் போதுமானதாக இருக்கும். கடைசியில் உண்பவளுக்கு மட்டும் போதாது. கடைசியில் உண்பவள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்டீல் அம்மையார் தம் சமையற்காரனுக்குச் செய்யச் சொன்னதை இந்த வீடுகள் தம் மருமகளுக்குச் செய்துகொண்டிருந்தன. இவர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கத் தேவையில்லை. ரோமையும் அறிந்திருக்கத் தேவையில்லை.

தச்சன் செய்யாத கதவு ஒன்றும் அங்கே இருந்தது. தீட்டு நாட்களில் பெண் அந்த அறைக்குள் போகக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. மடியில் இல்லாதவர் நிலைப்படியைத் தாண்டக்கூடாது. அந்த நெல்லை விளைவித்தவர்களில் பலருக்குக் கொல்லைப்புறத்துக்கு மேல் வழியே இல்லை. இந்தக் கதவுக்குப் பூட்டு தேவைப்படவில்லை என்பதால் அதன் கனம் எந்த அருங்காட்சியகத்திலும் தெரியாது.

இதற்கு நடுவில் நகரத்தார் கண்ட ஏற்பாடு எனக்கு வியப்பளிப்பது. செட்டிநாட்டு வீட்டின் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் உண்டு. மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் அவற்றில் ஒரு பங்கு. உள்ளறையில் அந்தப் பெண் கொண்டுவந்த சீரும் சாமான்களும். மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம். ஒரே கூரையின் கீழ் இருந்தபடியே அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு. வெளியிலிருந்து பார்த்தால் பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கும் ஒரே மாளிகை. உள்ளே பல குடும்பங்கள், பல சாவிகள். கணவன் வட்டித்தொழிலுக்காக ரங்கூனிலோ பினாங்கிலோ ஆண்டுக்கணக்கில் இருக்க, தன் அறைக்குத் தன் சாவியை வைத்திருந்த ஒரு பெண்ணின் நிலை, படியால் அளந்து வாங்கியவளின் நிலையைவிட எவ்வளவு மேம்பட்டது என்பதை அந்தக் காலத்து நாட்டுக்கோட்டைப் பெண்கள் எழுதிவைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

இருபதாம் நூற்றாண்டு அறையைப் பெட்டியாகச் சுருக்கியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மாவுத்தொட்டி, சல்லடை, மசாலா டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே அலமாரிக்குள் அடக்கி ஹூசியர் என்ற பெயரில் விற்றார்கள். 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. அதில் உக்கிராணம் என்று தனி அறை கிடையாது. அரிசி, சர்க்கரை, பருப்பு வகைகளுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள்; மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, அந்த மரத்தின் துவர்ப்பு புழுவை அண்டவிடாது என்பதற்காக. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நகரும் கதவு. அடுப்பருகில் நிற்கும் தாய் அதை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். சாவி எங்கும் இல்லை. ஓர் இல்லத்தில் ஒரு பெண் மட்டுமே சமைக்கிறாள், அவளே வாங்குகிறாள், அவளே வைக்கிறாள் என்றானபின் யாரிடமிருந்து பூட்டுவது? பிற்காலத்தில் இதைச் சிறைச்சாலை என்று பெண்ணியர் சிலர் குறைகூறினார்கள், அதில் நியாயமும் உண்டு. ஷூட்டே-லிஹோட்ஸ்கி உண்மையான சிறையை அறிந்தவர். நாஜிகளுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்து 1941இல் வியன்னாவில் கைதாகி, 1945இல் போர் முடியும்வரை சிறையில் இருந்தார். 2000ஆம் ஆண்டு, நூற்று மூன்று வயதை எட்டும் நேரத்தில் காலமானார்.

கதவைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உரைத்துக் காட்டியது குளிர்பதனப் பெட்டி. அதன் பழைய கதவுகளில் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கொண்டி இருந்தது. குளிர் கசியாமல் இறுக மூட அது தேவை என்று எண்ணினார்கள். தூக்கி எறியப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய பிள்ளைகள் உள்ளிருந்து திறக்க முடியாமல் மூச்சடைத்து இறந்தார்கள். ஒன்றிரண்டல்ல, ஆண்டுதோறும். 1956இல் அமெரிக்கச் சட்டமன்றம் இதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது: வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதையொட்டி நடந்த ஆய்வொன்றில் இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள 201 குழந்தைகளை, பெரியவர்களின் கண்காணிப்போடு, பெட்டியைப் போன்ற ஒரு கூட்டுக்குள் விட்டு, இருட்டில் அவர்கள் கதவை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். சின்னஞ்சிறு பிள்ளை கைப்பிடியைத் தேடித் திருகும் என்று எதிர்பார்க்க முடியாது. தள்ளினால் திறந்துகொள்ள வேண்டும். இன்று நம் வீட்டுப் பெட்டியின் கதவோரத்தில் ஓடும் காந்தப் பட்டை அந்தப் பிள்ளைகளால் வந்தது.

*

சரி, இன்றைய அறைக்கு எந்தக் கதவு? வரலாறு படித்தவனிடம் தச்சுவேலைக்கு யோசனை கேட்பது முறையல்ல என்றாலும், இவ்வளவு தூரம் வந்தபின் சொல்லாமல் போவதும் முறையல்ல.

கண்ணாடிக் கதவு வேண்டாம். வெளிச்சம் பட்டால் எண்ணெய் சிக்கடிக்கும். தவிர, அடுக்கி வைத்த அழகைப் பிறர் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி நாள்தோறும் அடுக்கிக்கொண்டிருக்க நேரும். நகரும் கதவு இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கீழ்த்தடம் வைத்தால் அதில் ரவையும் சர்க்கரையும் சேர்ந்து எறும்புக்கு நிரந்தர அன்னசத்திரம் ஆகிவிடும். மேலிருந்து தொங்கும்படி அமைப்பதானால் சரி. மடங்கும் கதவு கைக்குழந்தை உள்ள வீட்டில் விரலைக் கேட்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, சாய்வுப் பட்டைகள் வைத்த ஒற்றைக் கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாட்டுவதே நம் ஊர் ஈரத்துக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுதாக அடைத்த அறைக்குள் வற்றலும் அப்பளமும் பூசணம் பூக்கும். வண்டைக் கதவு தடுக்காது. அது பெரும்பாலும் அரிசிக்குள்ளேயே முட்டையாக வந்து சேர்கிறது. அதற்கு மூடி இறுகிய டப்பாதான் கதவு.

பூட்டு இப்போதெல்லாம் கேட்டால்தான் வைக்கிறார்கள். கேட்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுவேலைக்கு வருபவர் இருக்கும் நேரத்தில் முந்திரிப் பருப்பு உள்ளே பூட்டப்பட்டிருக்கும். ஸ்டீல் அம்மையாரின் கையேடு இன்னும் அச்சில் கிடைக்கிறது.

பலர் உபரி எரிவாயு உருளையையும் இந்த அறையிலேயே வைக்கிறார்கள். வைக்காதிருப்பது நல்லது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாது, தரையோடு தேங்கும். வேறு இடமே இல்லை என்கிறவர்கள் கதவின் கீழ்ப்பகுதியில், தரையை ஒட்டி, நாலைந்து அங்குல உயரத்துக்குக் குறுக்காகத் திறப்பு விட்டாக வேண்டும். மேலே மட்டும் பட்டைகள் வைத்துக் கீழே அடைத்துவிடும் தச்சர்கள் உண்டு. பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். எலிக்குஞ்சு நுழைய ஒரு சிறுவிரல் இடைவெளி போதும் என்பதால், அந்தத் திறப்பின் உட்பக்கம் நெருக்கமான கம்பி வலையை அடித்துவிடச் சொல்லுங்கள்.